எடை பாதி, தூரம் பாதி: கட்டுமானத் தளத்தில் சுமை ஏற்றும் கணக்கு

வீடு கட்டுகிறவரிடம் கேட்டால் சிமெண்ட் எத்தனை மூட்டை ஆனது, கம்பி எத்தனை டன் வாங்கினார், எம்-சாண்ட் எத்தனை யூனிட் இறங்கியது என்பதையெல்லாம் விலையோடு சேர்த்து ஒப்பிப்பார். லாரி கொட்டிவிட்டுப் போன இடத்திலிருந்து கொத்தனார் கை நீட்டும் இடம் வரை அவ்வளவும் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று கேட்டால் மட்டும், "ஆள் வைத்துத்தான்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். மதிப்பீட்டுத் தாளிலும் அதற்கென்று தனி வரி இருப்பது அரிது; கூலியோடு கூலியாக அது கரைந்துபோகிறது. கட்டடப் பணிக்குப் புதிதாக வருகிற மாணவர்களுக்கும், சொந்த வீட்டு வேலையைத் தாமே நின்று பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் அந்த விடுபட்ட வரியை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் அளவைப் பார்த்துவிடலாம். ஆயிரம் சதுர அடிக்கு ஐந்து அங்குலக் கனத்தில் மேல்தளம் போடுவதாக வைத்துக்கொள்வோம். அதன் கொள்ளளவு ஏறத்தாழ 417 கன அடி, அதாவது 11.8 கன மீட்டர். ஒரு கன மீட்டர் கான்கிரீட் சுமார் 2,400 கிலோ எடை இருக்கும் என்பதால், தரையிலிருந்து பத்தடி உயரத்துக்கு ஒரே நாளில் ஏறவேண்டிய எடை 28 டன்னைத் தாண்டுகிறது. இதில் கம்பியின் எடை சேரவில்லை. சட்டி ஒன்றுக்கு 20 கிலோ என்று போட்டால் 1,400 சட்டிகள். அதுவும் ஆற அமரச் செய்கிற வேலை அன்று. முன்பு கொட்டிய கான்கிரீட் இறுகத் தொடங்குவதற்குள் அடுத்த சட்டி அதன் பக்கத்தில் விழவில்லையென்றால், இரண்டுக்கும் இடையே ஒட்டாத விளிம்பு ஒன்று உருவாகி, பிற்காலத்தில் மழைநீர் கசிவதற்கு அதுவே வழியாகிவிடும்.

இயந்திரம் நுழையாத தெருக்களில் இந்த வேலையை ஆட்கள் வரிசையாக நின்று செய்வதைப் பார்த்திருப்பீர்கள். தரையில் இருவர், சாரத்தின் நடுவே கட்டிய பலகையில் இருவர், தளத்தின் விளிம்பில் இருவர் என நின்று, ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குச் சட்டி மாறிக்கொண்டே மேலே போகும். காலிச் சட்டிகள் மேலிருந்து கீழே வீசப்பட்டு மணற்குவியலில் வந்து விழும். பார்ப்பதற்குப் பழங்காலத்து முறையாகத் தோன்றினாலும் இதற்குள் நல்ல கணக்கு ஒன்று இருக்கிறது. 50 கிலோ எடையுள்ள ஒருவர் 20 கிலோ சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு படியேறினால், அவர் தூக்குவது 20 கிலோ அல்ல, தம் உடலையும் சேர்த்து 70 கிலோ. 1,400 சட்டிகளையும் அப்படியே ஏற்றினால், 28 டன் கான்கிரீட்டை மேலே சேர்ப்பதற்காக 70 டன் மனித உடலை மேலே தூக்கி, பிறகு கீழே இறக்கவும் வேண்டும். வரிசையில் நிற்கிறவர்களோ நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள். சட்டி மட்டும் ஏறுகிறது. கப்பி முதல் கிரேன் வரை எல்லாக் கருவிகளும் செய்ய முயல்வது இதைத்தான்: ஆளை ஏற்றாமல் பொருளை மட்டும் ஏற்றுவது.

இனி இந்தக் கட்டுரையின் மையக் கருத்துக்கு வருகிறேன். ஒரு சுமை எவ்வளவு கனம் என்பது பாதிக் கேள்விதான். அது தாங்கும் இடத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது மறுபாதி. கதவைக் கீலுக்குப் பக்கத்தில் கைவைத்துத் தள்ளிப் பாருங்கள், அசையாது. கைப்பிடியருகே ஒரு விரலால் தள்ளினாலே திறந்துகொள்ளும். விசையையும் அது செயல்படும் தூரத்தையும் பெருக்கிக் கிடைப்பதற்குப் பள்ளிப் பாடநூல்களில் திருப்புத்திறன் என்று பெயர். தேர்வு முடிந்ததும் நாம் மறந்துவிடுகிற இந்தச் சொல், கட்டுமானத் தளத்தில் முதுகெலும்பிலிருந்து டவர் கிரேன் வரை எல்லா இடத்திலும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

முதுகெலும்பிலிருந்தே தொடங்கலாம். குனிந்து, கைகளை நீட்டி, 20 கிலோ சட்டியை இடுப்பெலும்பிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்துத் தூக்குவதாகக் கொள்வோம். அந்தச் சுமைக்கு எதிர்விசை கொடுக்கும் முதுகுத் தசைகள் எலும்புக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் பின்னால்தான் இருக்கின்றன. சுமையின் தூரம் தசையின் தூரத்தைப்போல் எட்டு மடங்கு. ஆகவே தசை 160 கிலோவுக்குச் சமமான விசையோடு இழுத்தால்தான் 20 கிலோ சட்டி கிளம்பும். குனிந்த உடலின் பாரம் இதற்கு மேல் தனி. அதே சட்டியை வயிற்றோடு அணைத்து 20 சென்டிமீட்டர் தூரத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் தசையின் வேலை பாதியாகக் குறைந்துவிடும். முழங்காலை மடக்கித் தூக்கு என்று அனுபவசாலிகள் சொல்வதன் பொருள், சுமைக்கு நெருங்கிப் போ என்பதுதான். முழங்காலை மடக்கிவிட்டுக் கையை நீட்டியே தூக்கினால் பயன் ஒன்றும் இல்லை.

சித்தாள்கள் சுமையைத் தலையில் வைப்பதன் காரணமும் இப்போது விளங்கும். சும்மாட்டின் மேல் சட்டி நேராக உட்கார்ந்துவிட்டால் சுமையின் எடை முதுகெலும்பின் நேர்கோட்டில் இறங்குகிறது. முன்னுக்கோ பின்னுக்கோ இழுக்கிற தூரம் ஏறத்தாழ இல்லாமல் போகிறது. கென்யாவில் லூவோ இனப் பெண்களைக் கொண்டு நடத்தப்பட்டு 1986இல் வெளியான ஓர் ஆய்வு, தம் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை தலையில் சுமந்து சமதளத்தில் நடந்தபோது, வெறுமனே நடப்பதைவிட அதிக ஆற்றல் அவர்களுக்குச் செலவாகவில்லை என்று கண்டது. ஆனால் படியேறும்போது இந்தச் சலுகை கிடையாது. உயரத்துக்கான விலையைச் சுமைக்கும் சேர்த்துக் கொடுத்தே ஆகவேண்டும். கழுத்து எலும்புகள் நாள் முழுவதும் அந்த எடையைத் தாங்குகின்றன என்பதையும் மறந்துவிடக்கூடாது.

ஒருவர் எவ்வளவு சுமக்கலாம் என்பதற்குச் சட்ட வரம்பும் உண்டு. கட்டடத் தொழிலாளர்களுக்காக மத்திய அரசு 1998இல் வகுத்த விதிகள், வயது வந்த ஆண் ஒருவர் வேறொருவர் துணையோ கருவியோ இல்லாமல் சுமக்கத்தக்க உச்ச எடையை 55 கிலோ என்றும், பெண் சுமக்கத்தக்கதை 30 கிலோ என்றும் குறித்தன. சிமெண்ட் மூட்டையின் எடை 50 கிலோ. ஆண் ஒருவர் அதைத் தனியே தூக்குவது வரம்புக்குள் அடங்கினாலும் மிச்சம் ஐந்தே கிலோதான். செங்கல்லின் கதை இன்னும் நுட்பமானது. செங்கல் ஒன்று சுமார் 3 கிலோ என்பதால் பெண் ஒருவர் பத்துக் கல் சுமக்கலாம் என்று எளிதாகச் சொல்லிவிடுவோம். ஆனால் கட்டுவதற்கு முன் கல்லைத் தொட்டியில் ஊறப்போடுவது வழக்கம். சாதாரணச் செங்கல் தன் எடையில் 20 சதவீதம் வரை தண்ணீர் குடிப்பதை இந்தியத் தரநிலை அனுமதிக்கிறது. அப்படியானால் ஊறிய கல் 3.6 கிலோ, பத்துக் கல் 36 கிலோ. வரம்புக்குள் நிற்க வேண்டுமானால் எட்டுக் கல்தான் அடுக்க வேண்டும். காலையில் காய்ந்த கல்லுக்குப் போட்ட கணக்கை ஊறிய கல்லுக்கும் வைத்துக்கொண்டு, மாலையில் "ஏன் இவ்வளவு சோர்ந்துபோகிறீர்கள்" என்று கேட்கிற மேஸ்திரிகளை நான் பார்த்திருக்கிறேன்.

தரைமட்டத்தில் பொருளை நகர்த்துவதற்கு ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியைப்போல் மலிவான உதவி வேறில்லை. அதன் சக்கர அச்சிலிருந்து கைப்பிடி 1.4 மீட்டர் தூரத்திலும், சுமையின் நடு அரை மீட்டர் தூரத்திலும் இருந்தால், 60 கிலோ மணலுக்குக் கைகள் தாங்க வேண்டியது 21 கிலோவை ஒட்டித்தான். மீதியைச் சக்கரம் பார்த்துக்கொள்ளும். மணலைக் கைப்பிடிப் பக்கமாகக் குவித்தால் இந்த லாபம் குறையும். சக்கரத்தின் பக்கமாக முன்னால் குவிக்க வேண்டும். மண்ணில் சக்கரம் புதையும் இடங்களில் இரண்டு பலகைகளைப் போட்டுப் பாதை அமைத்துக் கொடுப்பது அரைமணி நேர வேலை. அதைச் செய்யாமல் நாள் முழுவதும் வண்டியைத் திட்டுவதுதான் வழக்கமாக நடக்கிறது.

உயரே ஏற்றும் கருவிகளில் எளியது கப்பி. கிணற்றில் தண்ணீர் இறைத்த தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை என்றாலும், ஒரு தவறான எண்ணம் அந்தத் தலைமுறையிடமும் இருக்கிறது. மேலே நிலையாகக் கட்டிய ஒற்றைக் கப்பி சுமையின் எடையைக் குறைப்பதில்லை. இழுக்கும் திசையைத்தான் மாற்றுகிறது. 50 கிலோ மூட்டையைத் தூக்க 50 கிலோ விசையோடுதான் கயிற்றை இழுக்க வேண்டும். மேலே நின்று குனிந்து இழுப்பதற்குப் பதிலாக, கீழே நின்று தம் உடல் எடையையும் துணைக்கு வைத்துக்கொண்டு இழுக்கலாம் என்பதுதான் ஆதாயம். அதிலும் ஒரு வரம்பு உண்டு: 50 கிலோ எடையுள்ளவர் தம் எடைக்கு மேல் இழுக்க முயன்றால் மூட்டை மேலே போகாது, அவர்தான் மேலே போவார்.

பலருக்கும் வியப்பளிக்கும் செய்தி கப்பி தொங்கும் இடத்தில் இருக்கிறது. ஒரு பக்கக் கயிற்றில் மூட்டை 50 கிலோ கீழே இழுக்கிறது. மறுபக்கக் கயிற்றில் ஆள் 50 கிலோ கீழே இழுக்கிறார். இரண்டையும் சேர்த்துத் தாங்குவது கப்பியைக் கட்டியிருக்கும் கம்பு. அதாவது 50 கிலோவைத் தூக்கும்போது கம்பின் மேல் இறங்குவது 100 கிலோ. வெடுக்கென்று இழுத்தால் அதற்கும் மேலே. மூட்டையின் எடைக்குத் தாங்குமா என்று மட்டும் பார்த்துச் சவுக்குக் கம்பைத் தேர்ந்தெடுப்பவர் தேவையில் பாதிக்குத்தான் கணக்குப் பார்த்திருக்கிறார். இதற்கு மாறாக, சுமையோடு சேர்ந்து நகரும் இன்னொரு கப்பியைக் கீழே சேர்த்துவிட்டால், மூட்டையை இரண்டு கயிறுகள் பங்கிட்டுக்கொள்ளும். உராய்வை விட்டுவிட்டால் 25 கிலோ விசையே போதும். கம்பின் மேல் இறங்கும் மொத்தமும் 75 கிலோவாகக் குறைந்துவிடும். இலவசமாகக் கிடைப்பதன்று இது: மூட்டை 3 மீட்டர் ஏறுவதற்குக் கயிற்றை 6 மீட்டர் இழுத்தாக வேண்டும். விசையில் மிச்சம் பிடித்ததைத் தூரத்தில் கட்டுகிறோம்.

சுமைக்கு நேர் கீழே நின்று இழுக்கக்கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 6 மீட்டர் உயரத்திலிருந்து நழுவும் ஒரு கல் தரையைத் தொடும்போது மணிக்கு ஏறத்தாழ 39 கிலோமீட்டர் வேகத்தில் வரும். தலைக்கவசம் அணிந்திருந்தாலும் அதன் அடியில் நிற்க யாருக்கும் விருப்பமிருக்காது. எனவே விலகி நின்று சாய்வாக இழுப்பார்கள். அப்படி இழுக்கும்போது கம்பைப் பக்கவாட்டில் சாய்க்கும் விசை ஒன்று புதிதாகச் சேர்கிறது. 50 கிலோ சுமையை 45 பாகைச் சாய்வில் இழுத்தால் அந்தப் பக்கவாட்டு விசை 35 கிலோ இருக்கும். ஆகவே விலகி நிற்பது சரி, ஆனால் எதிர்ப்பக்கம் இழுத்துக்கட்டிய ஒரு கயிறு கம்புக்குக் கட்டாயம் வேண்டும்.

கப்பியின் இடத்தை இப்போது பெரும்பாலும், மோட்டாரால் கயிற்றைச் சுற்றி இழுக்கும் சிறிய மின் வின்ச் பிடித்துவிட்டது. தளத்தின் விளிம்பில் ஒரு இரும்புச் சட்டத்தை நிறுத்தி, வெளியே நீளும் கையின் நுனியில் கம்பிக்கயிற்றைத் தொங்கவிட்டிருப்பார்கள். தளங்களில் மினி லிஃப்ட் என்றோ வெறுமனே லிஃப்ட் மிஷின் என்றோ அழைப்பார்கள். திருப்புத்திறனைப் படிக்க இதைவிட நல்ல பாடக்கருவி இல்லை. கை விளிம்புக்கு வெளியே 1 மீட்டர் நீண்டு அதன் நுனியில் 150 கிலோ தொங்குகிறது என்றால், விளிம்புக்கு 2 மீட்டர் பின்னால் வைக்கும் எதிர்ப்பாரம் குறைந்தது 75 கிலோ இருக்க வேண்டும். அந்த 75 கிலோவில் சட்டம் கத்தி முனையில் நிற்கும் என்பதால், நான் எப்போதும் மூன்று மடங்குக்குக் குறையாமல், அதாவது 45 கிலோ மணல் மூட்டைகளாக ஐந்தையாவது வைக்கச் சொல்வேன். இரும்புச் சட்டத்தின் எடை கணக்கில் சேராத கூடுதல் பாதுகாப்பு.

ஐந்து மூட்டை வைத்தும் ஒரு முறை எனக்குக் கண்டம் வந்தது. நான் மேற்பார்வை பார்த்த ஒரு வீட்டில், காலிச் சிமெண்ட் சாக்குகளில் மணலை நிரப்பி எதிர்ப்பாரமாக வைத்திருந்தோம். இரண்டு மாத வெயிலில் அந்தப் பிளாஸ்டிக் இழைகள் நைந்துபோய், தொட்டாலே உதிர்கிற நிலைக்கு வந்துவிட்டன. சாக்கின் அடியிலிருந்து மணல் கொஞ்சம் கொஞ்சமாக ஒழுகிப் பரவியது. தளம் கூட்டுகிற பெண் ஒவ்வொரு நாள் மாலையும் அதை ஒழுங்காகக் கூட்டி அள்ளிக் கலவையில் போட்டுக்கொண்டிருந்தார். மூட்டைகள் ஐந்து என்று எண்ணிப் பார்த்தோமே தவிர, எவ்வளவு மெலிந்திருக்கின்றன என்று ஒருவரும் பார்க்கவில்லை. ஒரு நாள் செங்கல் தொட்டி பாதி உயரம் ஏறியபோது சட்டத்தின் பின்கால் நான்கு விரற்கடை எழும்பியது. ஓட்டுகிறவர் பொத்தானை மாற்றி அழுத்தித் தொட்டியை இறக்கிவிட்டதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகு எதிர்ப்பாரமாக வார்த்த கான்கிரீட் கட்டிகளைத்தான் வைக்கிறேன், கான்கிரீட் ஒழுகாது.

இந்த இயந்திரத்தில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, ஏறிக்கொண்டிருக்கும் தொட்டி சன்ஷேடின் அடியில் மாட்டிக்கொள்வது. அந்தக் கணத்தில் சுமை 150 கிலோ என்ற பேச்சே இல்லை. மோட்டார் எவ்வளவு இழுக்க வல்லதோ அவ்வளவும் கையின் நுனியில் இறங்கும். நாம் போட்ட எதிர்ப்பாரக் கணக்கு அதற்குப் போதாது. தொட்டி ஏறும் வழியைக் கண்ணால் பார்க்க முடியாத இடத்தில் பொத்தானை வைத்துக்கொண்டு ஒருவரை நிறுத்துவது இதனால்தான் தவறு.

பெரிய தளங்களில் கிரேன் தூக்கும் சுமைகளுக்கு வருவோம். 12 மில்லிமீட்டர் கம்பி ஒரு மீட்டருக்கு 0.888 கிலோ, விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 162ஆல் வகுத்தால் எந்தக் கம்பிக்கும் இந்த எடை கிடைத்துவிடும் என்பது கம்பி கட்டுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வாய்பாடு. 12 மீட்டர் நீளமுள்ள நூறு கம்பிகள் கொண்ட கட்டு 1,066 கிலோ வரும். வசதிக்காக ஒரு டன் என்றே வைத்துக்கொள்வோம். இதை இரண்டு இடத்தில் ஸ்லிங், அதாவது சுமையைக் கொக்கியோடு பிணைக்கும் கயிறு, மாட்டித் தூக்கினால் ஸ்லிங் ஒவ்வொன்றும் அரை டன் தாங்கும் என்று தோன்றும். ஸ்லிங் இரண்டும் செங்குத்தாக நின்றால் மட்டும்தான் அது உண்மை.

வீட்டில் கட்டும் கொடிக்கயிற்றை நினைத்துப் பாருங்கள். சற்றே தொய்வாக விட்ட கொடியில் நனைந்த வேட்டியைப் போட்டால் ஒன்றும் ஆகாது. விறைப்பாக இழுத்துக் கட்டிய கொடியின் நடுவே அதே வேட்டியைப் போட்டால் சுவரிலிருந்து ஆணி பிடுங்கிக்கொண்டு வரும். வேட்டியின் எடை மாறவில்லை, கயிற்றின் சாய்வுதான் மாறியது. கிடையாகக் கிடக்கும் கயிறு மேல்நோக்கித் தாங்குவதற்கு வெகு குறைவாகவே உதவுவதால், தேவையான அளவு தாங்குவதற்கு அது பல மடங்கு இழுபட வேண்டியிருக்கிறது. கிரேன் ஸ்லிங்கிலும் இதுதான் நடக்கிறது. ஸ்லிங் கிடைமட்டத்தோடு 60 பாகை சாய்ந்திருந்தால், ஒரு டன் சுமைக்கு ஒவ்வொரு ஸ்லிங்கிலும் 577 கிலோ. 45 பாகையானால் 707 கிலோ. 30 பாகைக்கு வந்துவிட்டால் முழுதாக ஒரு டன். இரண்டு ஸ்லிங் போட்டிருக்கிறோம் என்ற தைரியத்தில் இருக்கிறவருக்கு, 30 பாகையில் ஒவ்வொரு ஸ்லிங்கும் தனியாளாக முழுச் சுமையையும் தாங்கிக்கொண்டிருப்பது கண்ணுக்குத் தெரியாது. குட்டையான ஸ்லிங்கை வைத்துக்கொண்டு நீளமான கட்டைத் தூக்க முயலும்போதுதான் பெரும்பாலும் இந்தச் சிக்கல் வருகிறது. நீளமான ஸ்லிங் எடுத்துவரச் சொல்வதே தீர்வு.

கொக்கி, சுமையின் நடுப்புள்ளிக்கு நேர் மேலே வர வேண்டும் என்பதும் முக்கியம். அப்படி வராவிட்டால், சுமை கிளம்பிய உடனே தன் நடுப்புள்ளி கொக்கிக்கு நேர் கீழே வரும்வரை சாயும். கட்டிலிருந்து கம்பிகள் நழுவுவது அந்தச் சாய்வில்தான். தரையிலிருந்து அரையடி மட்டும் தூக்கி, நிறுத்தி, சுமை மட்டமாக இருக்கிறதா, ஸ்லிங் நழுவுகிறதா என்று பார்த்துவிட்டு மேலே ஏற்றுவது, கிரேனுக்குச் சுமையைக் கட்டிக்கொடுக்கும் அனுபவமுள்ள ரிக்கர்களின் வழக்கம். அந்தச் சில நொடிகளை மிச்சப்படுத்தச் சொல்லும் மேலாளரின் பேச்சை அவர்கள் காதில் வாங்குவதில்லை; வாங்கவும் கூடாது.

டவர் கிரேன் எத்தனை டன் தூக்கும் என்று கேட்டால் ஓட்டுநர் பதிலுக்கு, "எவ்வளவு தூரத்தில்?" என்று கேட்பார். மினி லிஃப்டின் கணக்குதான், அளவுதான் பெரிது. 50 மீட்டர் தூரத்தில் 2 டன் தூக்கவல்ல கிரேன், 25 மீட்டரில் 4 டன்னை ஒட்டித் தூக்கும். இரண்டிலும் பெருக்குத்தொகை 100தான். கையின் சொந்த எடையும் வேறு சில காரணங்களும் சேர்வதால் நடைமுறையில் எண்கள் கொஞ்சம் விலகும். அதனால்தான் ஒவ்வொரு கிரேனோடும் தூரத்துக்குத் தூரம் அனுமதிக்கப்பட்ட எடையைக் காட்டும் அட்டவணை வருகிறது. மனக்கணக்கை நம்பாமல் அதைத்தான் பார்க்க வேண்டும். பின்பக்கக் குட்டைக் கையில் தொங்கும் கான்கிரீட் கட்டிகள்தான் அங்கே எதிர்ப்பாரம். முன்னால் சுமை ஏதும் இல்லாத நேரத்தில் அந்தக் கட்டிகளின் பாரத்தால் கோபுரம் பின்பக்கமாகச் சற்றே வளைந்திருக்கும். வேலை முடிந்த பிறகு கிரேனின் கையைக் காற்றுக்கு ஏற்பத் தானே சுழலும்படி விட்டுவிடுவார்கள். பூட்டி வைத்தால் பக்கவாட்டில் அடிக்கும் காற்றின் முழு விசையையும் கோபுரம் தாங்க வேண்டிவரும். இரவில் ஆளில்லாமல் கிரேன் சுழல்வதைப் பார்த்துப் பயந்து தளக் காவலாளியிடம் ஓடிவந்து சொல்கிறவர்கள் உண்டு.

தரையில் ஓடும் ஹைட்ரா வகைக் கிரேன்களில் ஆபத்து இன்னும் நெருக்கமானது, ஏனென்றால் அவை சுமையைத் தொங்கவிட்டபடியே நகர்கின்றன. மேடுபள்ளத்தில் முன்சக்கரம் இறங்கினால் கை முன்னோக்கிச் சாய்ந்து, சுமை வண்டியிலிருந்து இன்னும் தள்ளிப் போகிறது. எடை ஒரு கிலோகூடக் கூடாமலேயே கவிழ்க்கும் திறன் கூடிவிடுகிறது. சுமையைத் தரையை ஒட்டித் தாழ்வாக வைத்து, ஆடாமல் பிடிக்க அதன் நுனியில் ஒரு கயிற்றைக் கட்டி, சுமைக்கும் வண்டிக்கும் இடையே யாரும் நடக்காமல் பார்த்துக்கொண்டு, ஆள் நடக்கும் வேகத்தில் போனால் போதும்.

கான்கிரீட் பம்பைப் பற்றி ஒரு சொல். அது சுமையைத் தூக்குவதில்லை, குழாய்க்குள் தள்ளுகிறது. நாம் முதலில் போட்ட 1,400 சட்டிக் கணக்கு, 6 கன மீட்டர் கொள்ளும் இரண்டு லாரிகளோடும் ஒரு பம்போடும் முடிந்துவிடும். கான்கிரீட் தண்ணீரைப்போல் 2.4 மடங்கு கனமானது என்பதால் உயரம் கூடக்கூட அழுத்தம் வேகமாக ஏறும். துபாயின் புர்ஜ் கலீஃபாவுக்கு 2008இல் 600 மீட்டருக்கும் மேலே கான்கிரீட்டை அனுப்பியபோது, குழாயில் நின்ற கான்கிரீட்டின் எடையைத் தாங்குவதற்கே வளிமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் 140 மடங்கு தேவைப்பட்டது. உராய்வு இதற்கு மேல். இரண்டு மாடி வீட்டில் அந்த அளவுக்கு அழுத்தம் வராது என்றாலும், அடைத்துக்கொண்ட குழாயை அழுத்தம் இறங்குவதற்கு முன் திறந்தால் அது சாட்டைபோல் சுழன்றடிக்கும்.

பொருள் மேலே போய்ச் சேர்ந்ததும் வேலை முடிந்துவிட்டதாக எல்லோரும் கைகழுவிவிடுகிறார்கள். எங்கே இறக்கி வைப்பது என்பதிலும் இதே கணக்கு காத்திருக்கிறது. குடியிருப்பு அறைகளின் தளத்தை, ஆட்கள், மேசை, கட்டில் போன்றவற்றுக்காகச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ தாங்கும்படி வடிவமைப்பது வழக்கம். செங்கல்லை ஒரு மீட்டர் உயரத்துக்கு நெருக்கமாக அடுக்கினால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,600 கிலோ, அதாவது எட்டு மடங்கு. மணலை இரண்டடி உயரத்துக்குக் கொட்டினால் ஏறத்தாழ ஐந்து மடங்கு. வடிவமைப்பில் ஓரளவு கூடுதல் பலம் வைத்திருப்பார்கள் என்றாலும் அது எட்டு மடங்குக்கு வைத்ததன்று. போதாக்குறைக்கு, கான்கிரீட்டின் பலத்தை 28 நாள் கணக்கில்தான் அளக்கிறோம். மேல்மாடிச் சுவருக்கான கல்லோ பெரும்பாலும் அதற்கு முன்பே மேலே வந்துவிடுகிறது.

இங்கே இரண்டு தேவைகள் முட்டிக்கொள்கின்றன. கொத்தனார் மணலையும் கல்லையும் அறையின் நடுவில் கொட்டச் சொல்வார். நான்கு சுவருக்கும் நடுவிடம்தான் சமதூரம், கலவை கொண்டுவருகிறவர் நடக்க வேண்டியது குறையும். தளத்தின் பார்வையில் அறையின் நடுவிடம்தான் தாங்கும் இடங்கள் எல்லாவற்றிலிருந்தும் மிகத் தள்ளியிருப்பது; அங்கே வைக்கும் ஒவ்வொரு கிலோவும் தளத்தை அதிகமாக வளைக்கும். அதே குவியலைத் தூணை ஒட்டியோ, கீழ்மாடிச் சுவருக்கோ பீமுக்கோ நேர் மேலேயோ வைத்தால் எடை நேராகக் கீழே இறங்கிப் போய்விடும். ஒரே இடத்தில் உயரமாக அடுக்காமல் நான்கு தூண்களிலும் பிரித்து, இடுப்பளவுக்கு மேல் போகாமல் அடுக்குவது நல்லது.

மேலே வந்த பிறகு சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள்; இறக்கிய கல்லை இன்னொரு முறை தூக்க யாருக்குத்தான் மனம் வரும்? அதனால் முதல் தொட்டி மேலே வருவதற்கு முன்பே, உடைந்த செங்கல் துண்டொன்றை எடுத்துக்கொண்டு தளத்தில் ஏறி, தூண்களை ஒட்டி நான்கு கட்டங்களைச் சிவப்பாகக் கோடிட்டு வைத்துவிட்டு, எந்தக் கட்டத்தில் கல், எந்தக் கட்டத்தில் மணல் என்று லிஃப்ட் ஓட்டுகிறவரிடமும் மேலே இறக்கி வைக்கும் பெண்களிடமும் சொல்லிவிடுகிறேன். கொத்தனார் நாலு எட்டு கூடுதலாக நடக்க வேண்டியிருக்கிறது என்று முதல் நாள் முணுமுணுப்பார்.